ஒரே பொந்தில் பல பறவைகள்: ஏகார்ன் மரங்கொத்தியின் கூடும் கூட்டமும்

குன்றுவாசி · ஏப்ரல் 27

கலிபோர்னியாவில் சான் ஓசேக்குத் தெற்கே, ஓக் மரங்கள் நிறைந்த ஒரு குன்றுச்சரிவில் ஏகார்ன் (ஓக் கொட்டை) மரங்கொத்திகளின் கூட்டம் ஒன்றைக் கவனித்து வருகிறேன். பட்டுப்போன பெருங்கிளை ஒன்றில் அவை புழங்கும் பொந்து இருக்கிறது. ஒரு பறவை உள்ளே நுழைந்தால் இன்னொன்று வெளியேறுகிறது. சில நிமிடங்களில் மூன்றாவது ஒன்று வந்து வாசலில் தொற்றிக்கொண்டு காத்திருக்கிறது. வெண்மையான நெற்றியைச் சிவப்புத் தொப்பி நேராகத் தொட்டால் ஆண், இரண்டுக்கும் நடுவே கறுப்புப் பட்டை குறுக்கிட்டால் பெட்டை என்ற அடையாளத்தை வைத்துப் பார்த்தால், இந்தப் பொந்துக்கு வருபவற்றுள் ஆண்கள் குறைந்தது மூன்று, பெட்டைகள் இரண்டு. எந்தப் பறவையின் காலிலும் அடையாள வளையம் இல்லை.

கேள்விக்குக் காரணமான நிகழ்ச்சி இதுதான். பெட்டைகளில் ஒன்று பொந்திலிருந்து அலகில் வெள்ளை முட்டையுடன் வெளியே வந்து, அருகிலிருந்த மரத்தின் கவட்டில் அதை வைத்துக் கொத்தி உடைத்தது. கூட்டத்தின் மற்றப் பறவைகளும் வந்து அதில் பங்கு கொண்டன. எந்தப் பறவையும் எதிர்ப்புக் காட்டவில்லை. அந்த முட்டை கெட்டுப்போனதா, அல்லது வேறு கூட்டத்துப் பெட்டை நுழைந்து செய்த வேலையா? இந்தப் பொந்தை ஒரு கூடு என்று குறித்துக்கொள்வதா, இரண்டு கூடுகள் என்று குறித்துக்கொள்வதா?


தச்சன்குருவி · ஏப்ரல் 27

நீங்கள் பார்த்தது அந்நியப் பறவையின் வேலையாக இருக்க வாய்ப்பு குறைவு. வேற்றுக் கூட்டத்துப் பறவை பொந்தை நெருங்கியிருந்தால் அந்த மரமே அல்லோலகல்லோலப்பட்டிருக்கும். முட்டையை எடுத்து வந்த பெட்டை, அதை இட்ட பெட்டைக்குச் சகோதரியாகவோ தாயாகவோ மகளாகவோ இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

இந்த இனத்தைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி, உங்கள் இடத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத கார்மல் பள்ளத்தாக்கின் மேற்பகுதியில், பெர்க்லி கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஹேஸ்டிங்ஸ் ஆய்வுக்காட்டில் திரட்டப்பட்டது. மெக்ராபர்ட்ஸ் தம்பதியர் 1968இல் அங்கே ஆய்வைத் தொடங்கினார்கள்; பிறகு வால்டர் கேனிக், ரொனால்ட் மம்மி முதலானோர் தொடர்ந்தார்கள். ஒவ்வொரு பறவைக்கும் தனித்தனி வண்ண வளையச் சேர்க்கை இட்டு, அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒரே காட்டின் குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வந்திருக்கிறார்கள்.

அந்த ஆய்வுகளின்படி, ஒரு கூட்டத்தில் இனப்பெருக்கம் செய்யும் ஆண்கள் பலர் இருக்கலாம். அவர்கள் பெரும்பாலும் அண்ணன் தம்பிகள், அல்லது தந்தையும் மக்களும். முட்டையிடும் பெட்டை பெரும்பாலான கூட்டங்களில் ஒன்றே ஆனாலும், சில கூட்டங்களில் நெருங்கிய உறவுள்ள இரண்டு பெட்டைகள், அரிதாக மூன்று, ஒரே பொந்தில் ஒரே குழியில் முட்டையிடும். இவற்றைத் தவிர, முந்தைய ஆண்டுகளின் பிள்ளைகள் தாமே இனப்பெருக்கம் செய்யாமல் உதவிப் பறவைகளாக வீட்டிலேயே தங்கியிருக்கும். ஆகவே நீங்கள் அதை ஒரு கூடு என்றே குறிக்க வேண்டும்.

முட்டை உடைப்பது இந்த ஏற்பாட்டின் ஒரு பகுதி. மம்மி, கேனிக், பிடெல்கா ஆகியோர் 1983இல் இதை வெளியிட்டார்கள். இரண்டு பெட்டைகளில் ஒன்று முந்திக்கொண்டு முட்டையிட்டால், இன்னும் முட்டையிடத் தொடங்காத மற்றொன்று அதை வெளியே எடுத்துச் சென்று உடைத்துவிடும். உடைத்த முட்டையைக் கூட்டமே தின்னும். இட்ட பெட்டையும் சில வேளை அந்தப் பந்தியில் இருக்கும். இரண்டாவது பெட்டையும் முட்டையிடத் தொடங்கிய பின் இது நின்றுவிடுகிறது, ஏனென்றால் குழியில் கிடக்கும் முட்டைகளில் தன்னுடையது எது என்று அதனால் பிரித்தறிய இயலாது. இத்தகைய கூட்டுக் கூடுகளில் இடப்படும் முட்டைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இப்படி அழிகிறது. விளைவாக இரண்டு பெட்டைகளும் ஏறக்குறைய ஒரே நாளில் முட்டையிட்டு, பொரிப்பும் சமமாக அமைகிறது. பிந்திப் பொரிக்கும் குஞ்சு இந்த இனத்தில் பெரும்பாலும் பட்டினியால் சாகும் என்பதை நினைத்தால், முந்திய முட்டையை விட்டுவைப்பது பிந்தியவளுக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்பது புரியும்.

இன்னும் சில நாட்கள் பொறுத்துப் பாருங்கள். வாசலில் மாறி மாறி நுழையும் போக்குவரத்து நிலைபெற்றால் அடைகாத்தல் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். அதிலிருந்து ஏறத்தாழ 11 நாட்களில் முட்டை பொரியும். அதன்பின் ஒரு மாதம் குஞ்சுகள் பொந்துக்குள் இருக்கும்.


மலைமொங்கான் · ஏப்ரல் 28

வால்பாறைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். மேலே சொல்லப்பட்ட செய்திகளில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நம் இருநோக்கிக்காரர்கள் இரண்டு பறவைக்கு மேல் ஒரு மரத்தில் கண்டால் உடனே கூட்டம், குடும்பம், சமூகம் என்று எழுதிவிடுகிறார்கள் என்பதால் ஒரு தடையை முன்வைக்கிறேன்.

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் நாம் பார்க்கும் மரங்கொத்திகள் பெரும்பாலும் இணைகளாகவே எல்லை வகுத்து வாழ்கின்றன. வெள்ளை வயிற்றுக் கருமரங்கொத்தி பெரிய பட்டமரத்தில் பொந்து குடைந்தால், ஆணும் பெண்ணும் மட்டுமே முறைவைத்து அடைகாக்கும்; சமவெளியில் பட்டுப்போன தென்னையில் கூடு வைக்கும் பொன்முதுகு மரங்கொத்தியும் அப்படியே. குஞ்சுகள் பொந்தை விட்டு வெளியேறிய பின் சில வாரங்கள் பெற்றோருடன் திரியும்போது நான்கைந்து பறவைகள் ஒன்றாகக் கத்திக்கொண்டு போகும். அது கூட்டுக் குடும்பம் அன்று, கலைந்துபோகக் காத்திருக்கும் குடும்பம். இதயப்புள்ளி மரங்கொத்தியைக் கரிச்சான், பசைக்குருவி முதலிய பறவைகளுடன் இரை தேடும் கலப்புக் கூட்டத்தில் பார்க்கிறோம். அங்கே உறவுக்கு இடமே இல்லை, ஒன்று கிளப்பிவிடும் பூச்சியை மற்றொன்று பிடிக்கிறது, பல கண்கள் வல்லூறைக் கவனிக்கின்றன, அவ்வளவே. செந்நிற மரங்கொத்தி மரத்தில் தொங்கும் எறும்புக் கூட்டையே குடைந்து அதற்குள் முட்டையிடுகிறது. கடிக்கும் எறும்புகளோடு குடியிருக்கிறதே ஒழிய, தன் இனத்துடன் கூட்டாக வாழ்வதில்லை.

ஆகவே ஒரு கூட்டத்தைச் சமூகக் கூட்டம் என்று சொல்வதற்கு, அதே பறவைகள் ஆண்டு முழுவதும் ஒரே எல்லையைக் காக்கின்றனவா, இனப்பெருக்கம் செய்யும் இணைக்கு அப்பாற்பட்ட வளர்ந்த பறவை அதே பொந்துக்கு உணவு கொண்டுவருகிறதா என்ற இரண்டையுமாவது காட்ட வேண்டும். வளையமில்லாத பறவைகளை வைத்து இதை எப்படிக் காட்டுவது? மூன்று ஆண்கள் என்கிறார்; வெவ்வேறு நேரத்தில் வந்த அதே ஆணாக ஏன் இருக்கக் கூடாது?


குன்றுவாசி · ஏப்ரல் 28

நல்ல கேள்வி, ஐயா. ஒரே பார்வையில் ஒரே நேரத்தில் தெரியும் பறவைகளை மட்டுமே எண்ணுகிறேன். எண்ணிக்கை குறைவாக அமையலாமே தவிர அதிகமாக அமையாது. மூன்று ஆண்கள் ஒரே கிளையில் சிறகை விரித்து, வாக்கா வாக்கா என்று கத்தி ஒன்றையொன்று வரவேற்றதைப் பார்த்துத்தான் குறித்தேன்.


தச்சன்குருவி · ஏப்ரல் 28

மலைமொங்கான் ஐயாவின் தடை நியாயமானது. அதனுடன் இன்னொரு எச்சரிக்கையையும் சேர்த்துக்கொள்ளலாம். ஏகார்ன் மரங்கொத்தியின் இளம்பறவைகள், ஆணானாலும் பெட்டையானாலும், தலை முழுவதும் சிவந்து ஆண் பறவைபோலவே தோன்றும். ஜூன், ஜூலை மாதங்களில் நெற்றியை மட்டும் பார்த்து எண்ணுபவர்களின் கணக்கில் ஆண்கள் திடீரென்று பெருகிவிடுவது இதனால்தான். கண்ணைப் பாருங்கள்: வளர்ந்த பறவையின் கண் வெளுத்திருக்கும், அந்த ஆண்டுக் குஞ்சின் கண் கருமையாக இருக்கும், சில மாதங்களில் அது வெளுத்துவிடும். நல்ல வெளிச்சத்தில் ஸ்பாட்டிங் ஸ்கோப் என்ற தொலைநோக்கி வழியே பார்த்தால் இதைத் தெளிவாகக் காணலாம். ஏப்ரலில் குஞ்சு வெளியேறியிருக்க முடியாது என்பதால் குன்றுவாசியின் இப்போதைய கணக்கு நம்பத்தக்கது.

பறவை நுழையும் பொந்தெல்லாம் கூடு ஆகிவிடாது. இந்த இனத்தில் பல பறவைகள் ஒரே பொந்தில் இரவு தங்கும். மாலையில் நான்கு பறவைகள் வரிசையாக உள்ளே போவதைக் கண்டு கூடு என்று பதிவு செய்தவர்கள் உண்டு. முட்டையோ குஞ்சோ உள்ள பொந்தில் இரவில் பொதுவாக ஆணே அடைகாக்கும். இது மரங்கொத்திக் குடும்பம் முழுவதற்கும் பொருந்தும் வழக்கம். எனவே கூட்டைப் பற்றிய முடிவுகளைக் காலை, நண்பகல் நேரப் போக்குவரத்தை வைத்தே எடுக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பறவையை விட்டுவிட்டு முதலில் மரத்தைப் பாருங்கள் என்பேன். அந்த எல்லைக்குள், இவை ஓக் கொட்டைகளைத் துளைகளில் சேமித்து வைக்கும் களஞ்சிய மரம் எங்கே இருக்கிறது?


குன்றுவாசி · ஏப்ரல் 29

பொந்திலிருந்து கூப்பிடு தூரத்தில் முதிர்ந்த பள்ளத்தாக்கு ஓக் ஒன்று நிற்கிறது. அடிமரத்திலிருந்து பெருங்கிளைகள் வரை பட்டை முழுவதும் துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஓர் ஓக் கொட்டை, கூர்முனை உள்நோக்கியிருக்க, விரலால் பெயர்க்க முடியாத அளவுக்கு இறுக்கமாக அடித்துச் செருகப்பட்டிருக்கிறது. இப்போது பாதிக்கு மேல் காலியாகிவிட்டது. பறவைகள் சில துளைகளுக்குப் போய்க் கொட்டையைத் தட்டிப் பார்த்து, ஆட்டம் கண்டதை உருவி எடுத்து, வேறு துளைகளில் வைத்துப் பார்த்துவிட்டு, சிறிய துளை ஒன்றில் அடித்து இறுக்குகின்றன.


தச்சன்குருவி · ஏப்ரல் 29

அந்த மரம்தான் இந்தக் குடும்பத்தின் சொத்து. கொட்டை உலர உலரச் சுருங்கும். துளையில் தளர்ந்தால் அணிலோ நீலக்குருவியோ உருவிக்கொண்டு போய்விடும். ஆகவே அளவுக்கேற்ற துளைக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்கு ஆள்பலம் வேண்டும். ஒரு பறவை ஒரு நாளில் குடையும் துளைகள் மிகச் சொற்பம். ஆயிரக்கணக்கான துளைகள் உள்ள மரம் பல தலைமுறைகளின் உழைப்பு. மிகப் பெரிய களஞ்சியங்களில் 50,000 துளைகள் வரை உண்டு. பட்டையிலும் பட்ட கிளையிலும் குடைவதால் மரத்துக்குப் பெரிய கேடு இல்லை. ஒரு மகன் இந்த மரத்தை விட்டுப் புறப்பட்டால் வெறுங்கையோடு தொடங்க வேண்டும். காலியான இன்னொரு களஞ்சிய மரம் கிடைப்பது அபூர்வம். தங்கியிருந்தால் ஒருநாள் இதற்கே வாரிசாகலாம். இந்தப் பறவைகளைக் கூட்டாக வாழவைப்பது பாசமோ குணமோ அன்று, பாகம் பிரிக்க முடியாத இந்தச் சொத்துதான் என்பது என் உறுதியான கருத்து.


புதுச்சிறகு · ஏப்ரல் 29

ஓர் ஐயம். குஞ்சுகளுக்குப் பூச்சிகளைத்தானே கொடுக்கின்றன? அப்படியானால் கொட்டைச் சேமிப்புக்கும் கூட்டுக்கும் என்ன தொடர்பு?


தச்சன்குருவி · ஏப்ரல் 30

குஞ்சுகளின் உணவில் பூச்சியே முதன்மையானது என்பது சரி. கொட்டையில் புரதம் குறைவு. ஆனால் வளர்ந்த பறவை தன் பசிக்குக் களஞ்சியத்தை நாட முடிந்தால், பிடிக்கும் பூச்சியைக் குஞ்சுக்குக் கொடுக்கலாம். இளவேனில் வரை சேமிப்பு மிஞ்சிய கூட்டம் முன்னதாகவும் சிறப்பாகவும் கூடு வைக்கிறது. குளிர்காலத்திலேயே தீர்ந்துபோன கூட்டம் சில ஆண்டுகளில் எல்லையையே விட்டுப் போய்விடுகிறது.

இங்கே ஓக் மரங்களின் வகையும் கணக்கில் வருகிறது. பள்ளத்தாக்கு ஓக், நீல ஓக் ஆகியவற்றின் கொட்டை பூத்த ஆண்டிலேயே முதிரும். கருப்பு ஓக், கேன்யன் லைவ் ஓக் ஆகியவற்றின் கொட்டை முதிர இரண்டாம் ஆண்டு ஆகும். ஓக் மரங்கள் ஓர் ஆண்டு குவியலாகக் காய்த்து மறு ஆண்டு ஏறக்குறைய முற்றிலும் பொய்க்கும் இயல்பு கொண்டவை. ஒரு வட்டாரத்தில் ஓர் இனத்தின் மரங்கள் எல்லாம் ஒன்றாகவே காய்க்கும், ஒன்றாகவே பொய்க்கும். இரு வகையும் கலந்து நிற்கும் எல்லையில் இரண்டும் ஒரே ஆண்டில் பொய்ப்பது அரிது. குன்றுவாசி தன் எல்லைக்குள் எத்தனை இன ஓக் நிற்கின்றன என்று குறித்துக்கொள்வது, பறவைகளை எண்ணுவதைவிடக் குறைந்த பயன் உடையது அன்று. அமோக விளைச்சல் ஆண்டுகளில் இவை இலையுதிர் காலத்திலும் ஒருமுறை கூடு வைப்பதுண்டு, ஆகவே செப்டம்பரில் கவனத்தை விட்டுவிட வேண்டாம்.

இந்தக் கருத்துக்கு வலுவான சான்று அரிசோனாவின் தென்கிழக்கில் உள்ளது. அங்கே சில மலைப்பகுதிகளில் இதே இனம் களஞ்சிய மரம் இல்லாமல் வாழ்கிறது. பெரும்பாலும் இணைகளாகக் கூடு வைத்து, குளிர்காலத்தில் இடம்பெயர்ந்து போகிறது. பறவை ஒன்றுதான், சேமிப்பு இல்லாத இடத்தில் கூட்டமும் இல்லை.


ஊசியிலை · மே 1

வட கரோலினாவில் பைன் காடுகளின் அருகே வசிக்கிறேன். தச்சன்குருவி அண்ணா சொன்ன வாதத்துக்கு எங்கள் பக்கத்து ரெட் காக்கேடட் மரங்கொத்தியை வைத்து ஒரு சோதனையே நடந்திருக்கிறது என்பதால் குறுக்கிடுகிறேன்.

இந்தப் பறவை எதையும் சேமிப்பதில்லை. ஆனால் உயிருள்ள பைன் மரத்தில் மட்டுமே பொந்து குடைகிறது. வட அமெரிக்க மரங்கொத்திகளில் இந்த வழக்கம் இதற்கு மட்டுமே உரியது. பிசின் கசியும் வெளிமரத்தைத் தாண்டி உள்மரத்தை அடைய வேண்டும் என்பதால் ஒரு பொந்து முடிய ஆண்டுக்கணக்கில் ஆகும். உள்மரத்தைப் பூஞ்சை அரித்து மென்மையாக்கிய முதிய மரங்களையே இவை விரும்புகின்றன. பொந்தைச் சுற்றிலும் சிறு குழிகளைக் கொத்தி நாள்தோறும் புதுப்பித்துப் பிசினை வழியவிடும். மெழுகு உருகி வழிந்த தூணைப்போல் மரம் வெளுத்து மின்னும். மரமேறும் சாரை வகைப் பாம்புகளால் அந்தப் பிசினைத் தாண்டி எளிதில் ஏற இயலாது.

இங்கே ஒவ்வொரு பறவையும் தனக்கென்று ஒரு பொந்தில் உறங்கும். ஆகவே ஒரு குடும்பத்துக்குப் பல பொந்து மரங்கள் கொண்ட திரள் வேண்டும். முட்டையிடுவது ஒரே இணை. கூடு பொதுவாக அந்த ஆணின் உறங்கும் பொந்திலேயே அமையும். மகள்கள் முதல் ஆண்டிலேயே பெரும்பாலும் வெளியேறிவிட, மகன்களில் சிலர் தங்கி அடைகாக்கவும் இரையூட்டவும் உதவுகிறார்கள்.

சோதனைக்கு வருகிறேன். ஜெஃப்ரி வால்டர்ஸ் முதலானோர் வட கரோலினாவின் மணற்குன்றுப் பகுதியில், பறவைகள் இல்லாத ஆனால் மற்றபடி ஏற்ற 20 இடங்களில் துரப்பணத்தால் செயற்கைப் பொந்துகள் குடைந்து வைத்தார்கள். அவற்றுள் 18 இடங்களில் பறவைகள் குடியேறின. பொந்து குடையாமல் ஒப்பீட்டுக்காக விடப்பட்ட இடங்களில் ஒன்றுகூட நிரம்பவில்லை. குடியேறியவற்றுள் அதுவரை வீட்டில் தங்கியிருந்த உதவிப் பறவைகளும் இருந்தன. தனிக்குடித்தனத்துக்கு வீடு கிடைத்ததும் போய்விட்டார்கள் என்பதே பொருள்.

இதன் நடைமுறைப் பயனும் பெரிது. 1989 செப்டம்பரில் ஹியூகோ புயல் தென் கரோலினாவின் ஃபிரான்சிஸ் மரியன் காட்டைச் சிதைத்து, பொந்து மரங்களில் மிகப் பெரும்பாலானவற்றைச் சாய்த்தபோது, எஞ்சிய மரங்களில் செயற்கைப் பொந்துகளைப் பொருத்தியே அங்கிருந்த பறவைகளின் எண்ணிக்கையை மீட்டார்கள். 1970இல் அழியும் நிலையில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்ட இந்தப் பறவை, 2024இல் ஒரு படி இறக்கப்பட்டு அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக மறுவகைப்படுத்தப்பட்டது.


மலைமொங்கான் · மே 2

அந்தச் சோதனை என் தடையில் பாதியைத் தீர்த்துவிட்டது. சொத்து கிடைக்காததால் தங்குகிறார்கள் என்பதை ஏற்கிறேன். மீதிப் பாதி இது: தங்குவது வேறு, உதவுவது வேறு. வீட்டில் தங்கியிருக்கும் பிள்ளை தம்பி தங்கைகளுக்கு ஏன் இரை சுமக்க வேண்டும்? பெற்றோருடன் ஏன் போட்டியிடாமல் இருக்கிறது? களஞ்சியம் என்ற ஒரே திறவுகோலால் எல்லாப் பூட்டையும் திறந்துவிட முடியாது என்பது என் எண்ணம்.


தச்சன்குருவி · மே 2

ஒப்புக்கொள்கிறேன், தங்குவதற்கான காரணத்தைத்தான் மரம் சொல்கிறது. போட்டியிடாததற்கு வேறு விளக்கம் இருக்கிறது. ஹேஸ்டிங்ஸ் பறவைகள் நெருங்கிய உறவுக்குள் இணைவதை மிகக் கண்டிப்பாகத் தவிர்க்கின்றன. தாய் இருக்கும் வரை மகனும், தந்தை இருக்கும் வரை மகளும் அந்தக் கூட்டத்தில் இனப்பெருக்கம் செய்வதில்லை. தாய் இறந்து, வெளியிலிருந்து உறவில்லாத பெட்டை வந்தால், அதுவரை உதவிப் பறவையாக இருந்த மகன் தந்தையுடன் சேர்ந்து இனப்பெருக்க ஆணாகிவிடுகிறான். உதவுவதன் பயன் உறவின் வழியாகவும் எல்லையின் வலிமை வழியாகவும் வருகிறது என்றே நினைக்கிறேன். அதில் எது எவ்வளவு என்பதில் நீங்களும் நானும் இந்த இழையில் உடன்பாட்டுக்கு வரப்போவதில்லை.


குன்றுவாசி · மே 9

இரண்டு செய்திகள். பொந்தில் அடைகாத்தல் நிலைபெற்றுவிட்டது. முட்டையுடன் பறவை வெளியேறுவதை அதன்பின் காணவில்லை. எல்லைக்குள் நிற்கும் ஓக் இனங்கள் மூன்று, அவற்றுள் ஒன்று கருப்பு ஓக்.

இரண்டாவது செய்தி கவலைக்குரியது. சரிவின் அடிவாரத்தில் உள்ள குடியிருப்பின் நிர்வாகத்தார், வீட்டுச் சுவர்ப் பலகைகளில் பறவைகள் துளையிடுகின்றன என்று காரணம் காட்டி, அருகிலுள்ள பட்ட மரங்களையும் பட்ட கிளைகளையும் இந்தக் கோடையில் அகற்றப் போவதாக அறிவித்திருக்கிறார்கள். கூடு உள்ள கிளை அவர்கள் எல்லையில் இல்லை. களஞ்சிய மரத்தின் ஒரு பெருங்கிளை இருக்கிறது.


தச்சன்குருவி · மே 9

அவர்களிடம் முறைப்பாடாகப் பேசாமல் கணக்காகப் பேசுங்கள். களஞ்சியத்தை வெட்டினால் பறவைகள் துளையிடுவதை நிறுத்திவிடா. வேறு மரம் இல்லாத நிலையில் சுவர்ப் பலகையையும் மின்கம்பத்தையும்தான் நாடும். பலகை பழுதான இடத்தில் வலை கட்டித் தடுத்துவிட்டு, பட்ட கிளையை விட்டுவைப்பதே செலவு குறைந்த வழி. மேலும் இந்தப் பறவை 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவை ஒப்பந்தச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளது. முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டை அனுமதியின்றி அழிக்கக் கூடாது. கிளை அகற்றியே தீர வேண்டுமானால் கூடு முடியும் வரை தள்ளிப்போடச் சொல்லுங்கள். அப்போதும் களஞ்சியக் கிளையைக் காப்பாற்றுவதற்கே முதலிடம் கொடுங்கள். பொந்தைச் சில வாரங்களில் புதிதாகக் குடைந்துவிடும், களஞ்சியத்தை அப்படி ஆக்க முடியாது.

மற்றொன்றையும் இப்போதே சொல்லிவைக்கிறேன். ஒரு கூட்டத்தின் பெட்டைகளோ ஆண்களோ இறந்து இடம் காலியானால், அக்கம்பக்கத்துக் கூட்டங்களிலிருந்து உடன்பிறப்புகள் அணி அணியாக வந்து, நாட்கணக்கில் சண்டையிட்டு அந்த இடத்தைப் பிடிக்கப் பார்க்கும். சஹாஸ் பார்வே முதலானோர் சிறு ரேடியோக் கருவிகளைப் பொருத்திப் பின்தொடர்ந்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், சண்டையிடும் பறவைகள் மட்டுமல்லாமல், வேடிக்கை பார்ப்பதற்காகவே தங்கள் எல்லையை விட்டு 3 கிலோமீட்டர் வரை பறந்து வந்த பறவைகளும் இருந்தன என்று காட்டினார்கள். உங்கள் மரத்தில் திடீரென்று முன்பின் காணாத அளவில் பறவைகள் குவிந்தால், அன்றைய எண்ணிக்கையைக் கூட்டத்தின் அளவாகப் பதிவு செய்துவிட வேண்டாம். யார் வந்தார்கள், யார் தங்கினார்கள் என்பதைச் சில நாட்கள் கழித்து எண்ணுங்கள்.


நெறியாளர் · மே 10

கூடு உள்ள மரத்தின் துல்லியமான இருப்பிடத்தையோ வரைபடக் குறியையோ இந்த இழையில் யாரும் பகிர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே வரவழைப்பதும் அடைகாக்கும் காலத்தில் கூடாது.


குன்றுவாசி · மே 24

நிர்வாகத்தார் களஞ்சியக் கிளையை விட்டுவைக்க ஒப்புக்கொண்டார்கள். பட்டமரம் ஒன்றை ஆகஸ்டுக்குப் பின் அகற்றுவார்கள். பொந்தில் இப்போது குஞ்சுகளின் இரைச்சல் கேட்கிறது. இரை கொண்டுவருபவற்றுள் இரண்டு பெட்டைகளும் மூன்று ஆண்களும் இருப்பதை ஒரே காலையில் பார்த்துவிட்டேன். நான்காவது ஆண் ஒன்று வெறும் அலகுடன் வாசல் வரை வந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது. அதை உதவிப் பறவைக் கணக்கில் சேர்க்கலாமா என்று மலைமொங்கான் ஐயா சொல்ல வேண்டும்.


மலைமொங்கான் · மே 24

இரையுடன் வரும் வரை சேர்க்காதீர்கள்.